எனக்கே வந்த நோட்டீஸ்

34 வருடம் நோட்டீஸ் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். "தங்கள் வளாகத்தில் கொசுப்புழு உற்பத்தியாகும் வகையில் தண்ணீர் தேங்கியுள்ளது, உடனே அப்புறப்படுத்தவும்" என்று எத்தனை வீட்டில் கொடுத்திருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. போன வருடம் புரட்டாசி கடைசியில் அதே வாசகத்தோடு ஒரு தாள் என் பெயருக்கே வந்தது. கொடுத்தது 25 வயதுகூட நிரம்பாத ஒரு பெண். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கதவுக்குப் பின்னால் என் மனைவி சிரித்தது காதில் விழுந்தது.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சுகாதார ஆய்வாளராக 1979-ல் சேர்ந்து 2013-ல் ஓய்வு பெற்றேன். வேலை பார்த்ததெல்லாம் மலைக்குக் கீழே, ராசிபுரம் சுற்றுவட்டாரக் கிராமங்களில். ஓய்வுக்குப் பிறகு வெயில் தாங்காமல் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிச் சோளக்காட்டுக்கே வந்துவிட்டோம். சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. பின்னால் கொஞ்சம் சில்வர் ஓக் மரம், அதில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, நாலு வாழை. வேறு சொத்து கிடையாது.

பெங்களூரில் இருக்கும் மகன் 2018-ல் ஒரு யோசனையோடு வந்தான். ஆகாய கங்கை பார்க்க வருகிற கூட்டம் வருடா வருடம் பெருகுகிறது, பின்னால் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்றான். சரி என்றேன். கூடவே ஒரு நீச்சல் குளமும் வேண்டும் என்றான். "குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வர்றவன் குளத்துல இறங்குவானாடா?" என்று கேட்டேன். "இறங்க மாட்டான்ப்பா, ஆனா போட்டோவுல குளம் இருந்தாத்தான் ரூம் புக் பண்ணுவான்" என்றான். அவன் காலம், அவன் கணக்கு. 20 அடி நீளம், 12 அடி அகலம், 4 அடி ஆழத்தில் நீல ஓடு பதித்த குளம் ஒன்று எங்கள் வாழைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நிரப்ப 27,000 லிட்டர் தண்ணீர் பிடித்தது.

நீச்சல் குளம் என்பது தண்ணீர் நிரப்பிய தொட்டி மட்டும் அல்ல என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அது பால் கறக்கிற மாடு மாதிரி. தினமும் கவனிப்பு வேண்டும். லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம் குளோரின் நிற்க வேண்டும். புளிப்பும் காரமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பி.எச். அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மோட்டார் ஓடித் தண்ணீர் வடிகட்டிக்குள் போய்த் திரும்ப வேண்டும். மழை பெய்தால் குளோரின் நீர்த்துவிடும். வெயில் அடித்தால் பறந்துவிடும். நான் பழைய தொழில்காரன் ஆனதால் இரண்டு வருடம் இதையெல்லாம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மலைக்கு வண்டி வரவில்லை, அறைகள் பூட்டிக் கிடந்தன. இடி மின்னலில் மோட்டார் காயில் எரிந்தது. மாற்றப் பணம் அனுப்புகிறேன் என்றான் மகன். ஆளே வராத குளத்துக்கு மோட்டார் எதற்கு, அப்புறம் பார்க்கலாம் என்றேன். அந்த "அப்புறம்" மூன்று வருடம் ஆனது. ஊரடங்கு முடிந்து கூட்டம் திரும்பி வந்தபோது எனக்கு மூட்டு வலி, மனைவிக்குச் சர்க்கரை. அறைகளைத் திறக்கவே இல்லை.

குளம் மட்டும் சும்மா இருக்கவில்லை. மழைத் தண்ணீரில் நிரம்பியது. சில்வர் ஓக் சருகு விழுந்து அடியில் படிந்தது. நீலம் பச்சையாகி, பச்சை காப்பி நிறமானது. ஒரு சித்திரை மழைக்குப் பிறகு ராத்திரி எட்டு மணிக்கு "க்ராக்" என்று ஒரு குரல் கேட்டது. மறுநாள் பத்து. அதற்கடுத்த வாரம் எண்ண முடியவில்லை. நீச்சல் குளத்தில் தவளை கத்துகிறது என்றால் குளோரின் தீர்ந்துபோயிற்று என்று அர்த்தம். தவளை தோலாலும் மூச்சு விடுகிற ஜீவன். மருந்து போட்ட தண்ணீர் அதற்கு ஆகாது.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகியது. பிறகு, சொன்னால் வெட்கம், பிடித்துப் போயிற்று. சாயங்காலம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி ஓடுகிற சின்னத் தவளைகள் ஒரு வகை. ஓரத்துக் கல்லடியில் பதுங்குகிற சொரசொரத் தேரை ஒரு வகை. மூன்றாவதுதான் விசேஷம். மரத்தவளை. விரல் நுனியில் பொட்டு வைத்த மாதிரி வட்டம் இருக்கும், செங்குத்துச் சுவரிலும் ஏறிவிடும். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே சுவரில் சோப்பு நுரை மாதிரி ஒரு உருண்டையை ஒட்டிவைக்கும். என் மனைவி அதை முதலில் பார்த்துவிட்டு, "யாரு இங்க வந்து ஷேவிங் பண்ணுனது?" என்று கேட்டாள். நுரைக்குள் முட்டைகள். சில நாளில் பொரித்து, குஞ்சுகள் நுரையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழும். அப்புறம் தலைப்பிரட்டையாய் நீந்தும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, மழை ராத்திரியில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வயலில் தவளை பிடிக்க ஆட்கள் வருவார்கள். கோணி கோணியாகப் போகும். தொடையை மட்டும் வெட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வயலில் பூச்சியைத் தின்ன ஆளில்லாமல் போகிறது என்ற எதிர்ப்பு வளர்ந்து, 1987-ல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அதையெல்லாம் நினைத்துக்கொண்டு, நாட்டில் நாலு தவளைக்கு நாமும் இடம் கொடுத்திருக்கிறோம் என்று எனக்கு ஒரு பெருமை.

இந்தப் பெருமையோடு நான் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர். கையில் டார்ச், தோளில் பை, ஒரு நீளக் கைப்பிடிக் கரண்டி. காலாண்டு லீவுக்கு வந்திருந்த என் எட்டு வயதுப் பேத்தி அவள் பின்னாலேயே போனாள்.

"சார், நீங்களே எச்.ஐ.யா இருந்தவங்களாமே?" என்றாள் அந்தப் பெண். குளத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். கேள்வி மரியாதையாக இருந்தது, ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது.

விட்டுக் கொடுப்பேனா? "பாப்பா, தவளை இருக்கற தண்ணியில கொசு தங்காதும்மா. இலங்கையில பேராதனைப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணி 2013-லயே எழுதியிருக்காங்க. தலைப்பிரட்டை டெங்கு கொசு முட்டையைத் தின்னுடும்" என்றேன். நான் சொன்னது பொய் இல்லை. பல இனத் தலைப்பிரட்டைகள் ஏடிஸ் முட்டைகளைத் தின்பதை அவர்கள் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள்.

அவள் வாதாடவில்லை. குனிந்து கரண்டியால் மொண்டாள். ஒன்று, இரண்டு, ஐந்து. தலைப்பிரட்டைதான் வந்தது. நான் மனைவியைப் பார்த்து ஒரு புன்னகை செய்தேன். பிறகு அவள் குளத்தைச் சுற்றி நடந்து, பக்கச் சுவரில் இருக்கும் சதுர ஓட்டைக்குள் டார்ச் அடித்தாள். மேலே மிதக்கும் குப்பையை இழுக்கிற பெட்டி அது, ஸ்கிம்மர் என்பார்கள். அதன் வாயில் இருக்கும் கதவு மடங்கி, சருகு அடைத்துப் போயிருந்தது. உள்ளே ஒரு வாளி அளவுக்குத் தெளிந்த தண்ணீர். கரண்டியை விட்டு எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

கரண்டி முழுக்கக் கொசுப்புழு. நெளிந்துகொண்டிருந்தது.

"அந்த ஓட்டைக்குள்ள தவளை போவுமா சார்?" என்றாள்.

குளத்தை மூட என்று வாங்கி, சுருட்டி மூலையில் போட்டிருந்த தார்ப்பாயின் மடிப்பில் இன்னும் கொஞ்சம் கிடைத்தது. பெயிண்ட் வாளியில் கொஞ்சம். கடைசியில் குளத்திலேயே, சருகு அடர்ந்த ஓரத்தில், பத்தாவது முறை மொண்டபோது இரண்டு வந்தது. அவள் எல்லாவற்றையும் எழுதினாள். மூன்று நாளில் சரிசெய்ய வேண்டும் என்று நோட்டீஸ் கிழித்துக் கொடுத்தாள்.

போகும்போது, "தப்பா நினைக்காதீங்க சார், தெருவுல கேஸ் வந்துருச்சு, அதான்" என்றாள்.

என்ன கேஸ் என்று கேட்டேன். எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு கீழே போகும் பிக்கப் வண்டிக்காரரின் மகன். ஏழு வயது. நாலு நாளாகக் கீழே ஆஸ்பத்திரியில் இருக்கிறான். டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் வந்துவிட்டது.

தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதிக தூரம் பறக்காது, பிறந்த வீட்டைச் சுற்றித்தான் திரியும். இதை நான் எத்தனை பள்ளிக்கூடத்தில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன்! நான்காவது வீடு என்றால் என்ன தூரம் என்று எனக்குத் தெரியாதா? 2012-ல் திருநெல்வேலிப் பக்கம் டெங்கு பரவி, தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு வந்து 66 பேர் இறந்த வருடம் நான் வேலையில் இருந்தேன். 2017-ல் 23,294 பேருக்கு வந்து 65 பேர் இறந்தபோது ஓய்வில் இருந்தாலும் பேப்பரைப் பார்த்து, "ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று திட்டியவன் நான். இப்போது அந்த ஜனம் நான்.

ராத்திரி தவளைகள் கத்திக்கொண்டே இருந்தன. வேறொரு நாள் ஞாபகம் வந்தது.

1983 என்று நினைக்கிறேன். ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மலேரியா. வீடு வீடாகக் காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டு வந்தோம். ஒரு பாட்டியின் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பெரிய கல்தொட்டி. மாடு விற்றுப் போய் வருடம் ஆகியிருக்கும். தண்ணீர் மட்டும் கிடந்தது. உள்ளே தலைப்பிரட்டைகள். பேரன் ஒருவன் அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட வந்த ஆளோடு சேர்ந்து தொட்டியைச் சாய்த்துக் கவிழ்த்தேன். கொதிக்கிற மண்ணில் தலைப்பிரட்டைகள் துடித்தன. பையன் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பாட்டி என்னைத் திட்டவில்லை. "தண்ணியக் கொட்டுன, சரி சாமி. இதுங்கள எங்க கொட்டுவ?" என்று மட்டும் கேட்டது.

நான் பதில் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். காய்ச்சல் அடிக்கிற ஊரில் தேங்கிய தண்ணீரை விட்டுவைக்க முடியாது. 1939-ல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே தனிப் பகுதி உண்டு. உன் இடத்தில் தேங்கும் தண்ணீருக்கு நீதான் பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். படிக் கிணற்றில் காலை நனைத்துத் தண்ணீர் எடுத்த காலத்தில் நரம்புச் சிலந்தி எத்தனை பேர் காலை முடக்கியது என்று நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை விரட்டி, 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று சான்று கொடுத்தது. அதுவும் இப்படிக் கிணறு கிணறாகப் போய்ச் செய்த வேலையால்தான். விதிகளை நான் பழிக்க மாட்டேன். ஒரு வாளி கொண்டு வந்து பையனோடு சேர்ந்து ஐந்து நிமிஷம் பொறுக்கியிருக்கலாம். அவ்வளவுதான் என் குறை.

விடிந்ததும் யோசித்தேன். என் முன்னால் மூன்று வழி.

ஒன்று, பிளீச்சிங் பவுடர். புதிய பவுடராக ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டாலே அந்தக் குளத்துக்கு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் வந்துவிடும். மறுநாள் காலையில் தவளை அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். அதுவும் அழுகிய சருகு நிறைந்த தண்ணீரில் பாதி மருந்து சருகுக்கே போய்விடும்.

இரண்டு, கம்பூசியா மீன். கொசுப்புழு தின்பதற்காக 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்த மீன். நானே கிணறு கிணறாக விட்டிருக்கிறேன். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் கொசுப்புழுவோடு நிறுத்தாது. தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் குதறிவிடும். ஸ்கிம்மர் பெட்டி மாதிரி இடத்துக்குள் அதுவும் போகாது. தப்பி ஓடையில் கலந்துவிட்டால் அங்கேயும் அதே கதை.

மூன்று, எல்லாவற்றையும் திறந்து விட்டுவிடுவது. வாழைக்கும் மிளகுக்கும் பாயும். தவளைகள் ஏறிப் போய்விடும். தலைப்பிரட்டைகள் வாழை அடியில் காயும்.

பேத்தி பக்கத்தில் வந்து நின்றாள். நோட்டீஸ் விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது. "தண்ணிய விட்டுட்டா, அதுங்க எங்க தாத்தா போகும்?" என்றாள்.

40 வருடம் கழித்து அதே கேள்வி. இந்த முறை அடுத்த வீட்டுக்குப் போய்விட முடியாது. இதுதான் என் வீடு.

முதலில் அவசர வேலையை முடித்தோம். ஸ்கிம்மர் பெட்டியை மொண்டு வெயில் படும் மண்ணில் கொட்டித் தேய்த்துக் கழுவினேன். தார்ப்பாயை உதறிக் காயப்போட்டோம். பெயிண்ட் வாளி, தேங்காய்த் தொட்டி, உடைந்த ஆட்டுக்கல், அறைக்குள் சும்மா கிடந்த பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, எல்லாம் காலி. பிரிட்ஜ் தட்டில்கூடத் தண்ணீர் இருந்தது. ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை. மூன்று வருடம் நான் செய்யாத வேலை.

அப்புறம் வாளியும் வடிகட்டியும். நான் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மொண்டு கொடுக்க, பேத்தி வடிகட்டியில் பிடித்து வாளியில் விடுவாள். மனைவி, "தவளை இருந்தா பின்னாலயே பாம்பு வரும்னு நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே அவளும் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். வாளி நிறைந்ததும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் கீழே பள்ளத்து நெல் வயலுக்குக் கொண்டு போய் விட்டு வந்தார். அங்கேயும் இதே தவளைகள்தான் கத்துகின்றன, ஊர் மாற்றம் பெரிதாக இராது. இரண்டு நாளில் 30 நடை. ஒன்று விடாமல் பிடித்தோம் என்று சொல்ல மாட்டேன். பிடித்தவரை பிடித்தோம். சுவரில் ஒட்டியிருந்த நுரை உருண்டை மூன்றை ஓட்டோடு சேர்த்துப் பெயர்க்க முடியாமல் தோசைத் திருப்பியால் வழித்து, வயல் தண்ணீருக்கு மேலே சாய்ந்திருந்த இலையில் வைத்தோம். அது பிழைத்ததா என்று தெரியாது.

தண்ணீரைத் திறந்து விட்ட பிறகு முக்கியமான வேலை ஒன்று உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும். தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டை மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். அதனால் கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும். தேங்காய் நாரும் பிரஷுமாகக் கூலிக்கு ஆள் வைத்து நாலு சுவரையும் தேய்த்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பிக்கப் வண்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். பையன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தான். தட்டணு ஏற ஆரம்பித்துவிட்டது, பயமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்: "தம்பி, எங்க வீட்டுலயும் புழு இருந்துச்சு. நிறைய இருந்துச்சு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வண்டி டயர்லயும் இருந்துச்சுங்க ஐயா. அந்தப் பொண்ணு எங்களுக்கும் எழுதிக் கொடுத்துட்டுத்தான் போச்சு" என்றார். அவருடைய மனைவி உள்ளே இருந்து காப்பி கொண்டு வந்தார். எந்தத் தண்ணீரில் பிறந்த கொசு அந்தப் பையனைக் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காப்பி எனக்கு லேசில் இறங்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பையன் வீட்டுக்கு வந்தான். மெலிந்திருந்தான். இப்போது முன்பு மாதிரியே தெருவில் சைக்கிள் விடுகிறான்.

குளத்தை என்ன செய்வது என்று மகனிடம் போனில் கேட்டேன். மறுபடி மோட்டார் போட்டு நடத்த என்னால் ஆகாது என்றேன். பாவம், அவன் போட்ட பணம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மூடிடுங்கப்பா. பாப்பா வேற அங்கயே சுத்திக்கிட்டு இருக்கா, நாலடி ஆழம்" என்றான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கொசுவையும் தவளையையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலி இல்லாத நாலடித் தண்ணீர் ஓரத்தில் மூன்று வருட லீவிலும் என் பேத்தி குனிந்து தலைப்பிரட்டை பார்த்திருக்கிறாள்.

அடித்தளத்தில் தண்ணீர் நிற்காமல் இறங்க ஆறு இடத்தில் கடப்பாரையால் துளை போட்டு, பத்து டிராக்டர் மண் கொட்டி மூடினோம். இப்போது அதில் வாழையும் சேப்பங்கிழங்கும் நிற்கின்றன.

ஒரு மூலையில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம் விட்டேன். நாலடிக்கு மூன்றடி, ஒரு அடி ஆழம். ஒரு பக்கம் சரிவாகக் கல் அடுக்கியிருக்கிறேன், உள்ளே விழுந்த தேரை ஏறி வர வேண்டும் அல்லவா. நீச்சல் குளத்தின் வழுவழுச் சுவரில் ஏற முடியாமல் செத்துக் கிடந்த தேரைகளை எத்தனையோ நாள் அள்ளிப் போட்டிருக்கிறேன். மேலே கம்பி வலைச் சட்டம் ஒன்று, குழந்தை கால் வைத்தாலும் தாங்கும். தவளை போய்வர ஓரத்தில் இடைவெளி உண்டு.

அந்தப் பெண் அடுத்த முறை வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார் மறுபடியும்?" என்றாள். உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து காட்டினேன். தேதி, மொண்ட தடவை, கொசுப்புழு, தலைப்பிரட்டை, குறிப்பு என்று கட்டம் போட்ட நோட்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்துக் கரண்டி மொண்டு பார்த்து எழுதுகிறேன். முட்டையிலிருந்து கொசு பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும், எங்கள் மலைக் குளிரில் இன்னும் கூடலாம். வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் எந்தப் புழுவும் இறக்கை முளைக்கும் வரை தப்ப முடியாது. புழு இருந்தால் தலைப்பிரட்டையை வடிகட்டி வாளிக்கு மாற்றி, பள்ளத்தைக் கொட்டித் தேய்த்து, புதுத் தண்ணீர் விட்டு அதுகளைத் திரும்ப விடுவேன். இதுவரை இரண்டு வெள்ளிக்கிழமை அப்படிச் செய்ய வேண்டி வந்தது. தவளை இருந்தும் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், தவளை கொசுவைத் தின்னும் என்று நம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். அது தன்னால் முடிந்ததைத் தின்னும். மீதியை நாம்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அவளும் பத்து முறை மொண்டாள். பிறகு என் பேனாவை வாங்கி, அந்த வாரத்துக் கட்டத்தில் "பார்வையிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என் உத்தியோக காலத்தில் எந்த மேலதிகாரி போட்ட கையெழுத்தும் எனக்கு அத்தனை சந்தோஷம் கொடுத்ததில்லை.

34 வருடம் நான் ஜனங்களிடம் "தண்ணீரைக் கொட்டு" என்றுதான் சொன்னேன். "தண்ணீரைப் பார்" என்று சொல்லியிருக்க வேண்டும். பார்க்க முடியாதவர்கள் கொட்டிவிடுங்கள். பார்க்க முடிந்தவர்கள் வைத்துக்கொள்ளலாம். பார்க்காமலும் கொட்டாமலும் மூன்று வருடம் நான் செய்ததுதான் பிழை. அதில் தவளைக்குப் பங்கில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என் வயது இருக்கும். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் பூட்டிய அறைகள், மாடியில் பயன்படாத தொட்டி, பின்னால் பழைய உரல். இந்த வெள்ளிக்கிழமை ஒரு நடை சுற்றிப் பாருங்கள். பூந்தொட்டிக்குக் கீழே இருக்கும் தட்டையும் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் மறக்காதீர்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளை கையில் கரண்டியைக் கொடுங்கள். அவர்களுக்கு நம்மைவிடக் கண் நன்றாகத் தெரியும்.

இந்த வைகாசி மழையில் பள்ளத்து ஓரக் கல்லில் ஒரு நுரை உருண்டை ஒட்டியிருந்தது. பேத்திக்குப் போட்டோ அனுப்பினேன். "எத்தனை நாளாச்சு தாத்தா?" என்று பதில் வந்தது. நோட்டைப் பார்த்து, தேதியைச் சொன்னேன்.